ஊரிலிருந்து வந்த தொப்பி

ஆல்டர்டனில் 'ஊர்' என்றால் இங்கிலாந்து. நியூசிலாந்து மண்ணிலேயே பிறந்து, டவுனை ஒட்டி ஓடும் ஆற்றைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டறியாத பிள்ளைகூட, வெயிலில் வியர்த்து நின்றுகொண்டு "ஊர்ல இப்போ பனி கொட்டும்" என்று பெருமூச்சு விடும். நல்ல சாமான் என்றால் அது ஊர்ச் சாமான். இங்கே செய்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு 'இங்கத்தது' என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொல்லி மூக்கைச் சுளிக்க அந்த டவுன் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தர்சா பென்ஃபோல்டு பெண்களுக்குத் தொப்பி தைப்பவள். அவளும் லவீனியா ட்ரெலோரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்பது அங்கே எழுதாத சட்டம். வந்த இடத்தில் லவீனியா ஜவுளிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். சீக்கிரமே விதவையானாள், கடை அவள் கைக்கு வந்தது. தர்சாவுக்குக் கல்யாணமும் அமையவில்லை, கடையும் அமையவில்லை. கடையின் பின்னறையில் உட்கார்ந்து லவீனியாவுக்குத் தைத்துக்கொடுத்தாள்.

"கண்ணாடி ஜன்னல் வெச்சுப் புதுக்கடை கட்டப்போறேன்டி," என்று லவீனியா ஒருநாள் சொன்னாள். "போர்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கும். ட்ரெலோர், பென்ஃபோல்டு. எப்படி இருக்கு?"

"என் பேர் சின்ன எழுத்துல இருந்தாப் போதும்," என்றாள் தர்சா. வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றிலிருந்து அவள் அந்தப் போர்டுக்காகவே உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தைத்தாள். விரல் வெடித்து ரத்தம் கசிந்தால், ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டு தைத்தாள். ஜன்னலில் வைத்த தொப்பிகளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. "கவலைப்படாதே, தங்கம் தோண்டுற மலைக்கு அனுப்பிடலாம், அங்க பொம்பளைங்க எதையும் வாங்குவாளுங்க," என்று லவீனியா தேற்றினாள். தைத்தவற்றையெல்லாம் அவளே பெட்டியில் அடுக்கி ஆணி அடித்தாள். வண்டிக்கார டூகல் வந்து ஏற்றிக்கொண்டு போவான். மலை வடக்கே இருக்கிறது, டூகலின் வண்டி ஏன் கிழக்கே துறைமுகச் சாலையில் திரும்புகிறது என்று தர்சா ஒருமுறைகூட யோசிக்கவில்லை. நம்பினவள் வண்டித் தடத்தையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

வசந்தத்தில் கப்பல் வந்தது. கப்பல் வந்தால் ஆல்டர்டனில் பெட்டி உடைப்பு. துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிகளைக் கடை வாசலிலேயே வைத்து, எல்லோரும் பார்க்கத் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் பெண்கள் கூடுவார்கள். உள்ளே பொதிந்த வைக்கோலைக் கைநிறைய அள்ளி முகர்வார்கள், ஊர் வாசனை என்று. அன்றைக்கும் கசாப்புக்கடைக்காரன் மனைவி ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "எங்கப்பா தோட்டத்து வாசனை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லவீனியா வைக்கோலை விலக்கி ஒரு தொப்பியை எடுத்தாள். சாம்பல் பட்டு, ஓரத்தில் ஊதா நாடா. மாஜிஸ்திரேட் மனைவி மிஸஸ் கின்லாக் கையை நீட்டி வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தாள். கூட்டம் 'ஆ' என்றது.

தர்சாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தான் தைத்த தொப்பி இவ்வளவு அழகா என்று ஒரு கணம் மலைத்துப் போனாள். அதற்குப் பிறகுதான், மலைக்குப் போன தொப்பி ஊர்ப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று உறைத்தது.

"அது நான் தச்சதும்மா," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். லவீனியா அசரவில்லை. "பாவம், என்கூடக் கப்பல்ல வந்தவ. தச்சுத் தச்சு, பாக்குற தொப்பியெல்லாம் தன்னுதாத் தெரியுது அவளுக்கு," என்றாள். குரலில் அவ்வளவு பரிவு.

"விளிம்பைப் பிரிச்சுப் பாருங்கம்மா. லண்டன் தொப்பின்னா உள்ள கம்பி இருக்கும். எனக்குக் கம்பி ஏது? சதுப்புல வளர்ற காட்டு நாரைத் திரிச்சு வெச்சிருக்கேன். உருளைக்கிழங்கு விக்க வர்ற மாவோரிப் பொம்பளைங்க திரிக்கக் கத்துக்கொடுத்தாங்க."

"நாரா?" என்றாள் கசாப்புக்கடைக்காரன் மனைவி. "அப்ப மழை பேஞ்சா தொப்பி தழைச்சுடுமே." கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"டூகல், நீ சொல்லு," என்று தர்சா வண்டிக்காரனைப் பார்த்தாள். "இந்தப் பெட்டியை இங்கேயிருந்து நீதானே கொண்டுபோனே?"

டூகல் குனிந்து குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தான். அதில் ஒரு கல்லும் இல்லை. அவன் நிமிரவுமில்லை.

மிஸஸ் கின்லாக் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதைப் பிரிக்கிறதாவது. எனக்குத் தெரியாதா ஊர்த் தொப்பி எதுன்னு?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, பந்தியும் கலைந்தது.

பின்னறையில் தர்சா கேட்டாள்: "ஏன் இப்படிச் செஞ்சே?"

"இங்கத்ததுன்னு சொல்லி ஜன்னல்ல வெச்சப்போ எவ வாங்கினா? தூசி தட்டினது நான்."

"சரி, போர்டு?"

"போர்டுல உன் பேரைப் போட்டா நீ இங்க தைக்கிறேன்னு டவுனுக்கே தண்டோரா போட்ட மாதிரி. அப்புறம் நான் எப்படிப் பெட்டி உடைக்கிறது? யோசிச்சுப் பாரு."

"கப்பல்ல உனக்குக் காய்ச்சல் வந்தப்போ என் பங்குத் தண்ணியை உனக்குக் கொடுத்தேன், லவீனியா."

"கொடுத்தே. அதனாலதானே உன்னை இன்னும் வெச்சிருக்கேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தர்சா கத்தரிக்கோலையும் ஊசிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தோல் பதனிடுபவனின் கொட்டகைக்குப் பக்கத்தில், நாற்றத்துக்குப் பயந்து யாரும் குடிவராத ஓர் அறையைப் பிடித்தாள். கிழிந்த உடுப்புகளைத் தைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். புதுக்கடைக்குப் போர்டு வந்தது: 'ட்ரெலோர், ஊர்ச் சாமான்'. தர்சா அந்தத் தெருப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

குதிரைப் பந்தய நாளில் பெருமழை கொட்டியது. மறுநாள் காலை மிஸஸ் கின்லாக், கூட வேலைக்காரி இல்லாமல், தர்சாவின் கொல்லைக் கதவைத் தட்டினாள். கையில் துணியில் சுற்றிய தொப்பி. விளிம்பு பிளந்து மஞ்சள் நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டீங்களாம்மா?" என்றாள் தர்சா.

"பாத்தேன்."

"அன்னைக்கு நான் சொன்னேனே..."

"அன்னைக்கு நான் வாங்கினதை டவுனே பாத்துச்சு. பாதிரியார் சம்சாரம் லண்டன்ல எந்தக் கடைன்னு கேக்க, நான் ஒரு கடைப் பேரும் சொல்லிட்டேன். இப்போ போய் என்னத்தைச் சொல்றது?"

"ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னாப் போதும்மா. தர்சா தச்சதுன்னு."

மிஸஸ் கின்லாக் தொப்பியை மேசைமேல் வைத்தாள். "நாரு வெளியில தெரியாமத் தச்சுக் கொடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

தூக்கி எறிந்திருக்கலாம். எறிய மனம் வரவில்லை. தான் பெற்ற பிள்ளை அடுத்தவள் வீட்டில் வளர்ந்தாலும், அடிபட்டு வந்தால் விரட்டவா முடியும்? ஊசியில் நூல் கோத்தாள். நாரை உள்ளே தள்ளி, பட்டுத்துணியை இழுத்து, தன் கையாலேயே மூடித் தைத்தாள். லவீனியா பெட்டிக்கு ஆணி அடித்தது நினைவுக்கு வந்தது. அவள்மேல் வந்த ஆத்திரம் இப்போது தன்மேலும் வந்தது.

மிஸஸ் கின்லாக் தொப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுத் தையலை விரலால் தடவினாள்.

"தேவலை," என்றாள். "ஆனாலும் பழைய தையல் மாதிரி வரலை. ஊர்க் கை வேற, இங்கத்துக் கை வேற."

கிண்டலாகச் சொன்னாளா என்று தர்சா அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அந்த நாரைத் தன் கண்ணாலேயே பார்த்த பிறகும் அவள் மனதார நம்பித்தான் அதைச் சொன்னாள்.