அரை விநாடி

என் மகள் நான்கு வருடம் கணினி விளையாட்டில் வளர்த்த வில்லாளியை அழித்தது நான்தான். அவள் டியூஷனுக்குப் போயிருந்த மாலையில், அவள் அம்மாவின் பிறந்தநாளைக் கடவுச்சொல்லாகப் போட்டு உள்ளே நுழைந்தேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். தேர்வுக்கு ஆறு மாதம்தான் இருந்தது.

அந்தக் கடவுச்சொல் தெரிந்த இன்னொருத்தி அவளோடு விளையாடிய தோழி. மகள் அவளைத்தான் சந்தேகப்பட்டாள். இருவரும் பிறகு பேசவே இல்லை. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மகள் இப்போது அயர்லாந்து மருத்துவமனையில் தாதி. மனைவி இறந்தபின் மலேசியாவில், செமிலிங் வீட்டில் நான் மட்டும். வாரம் ஒருமுறை போன் வரும். சாப்பாடு, மருந்து, மழை. ஒருநாள் மட்டும், "அந்த கேமை மூடிட்டான்பா. இருந்தா சும்மா ஒரு ரவுண்டு போயிருப்பேன்" என்றாள்.

அதைப்போல ஒரு விளையாட்டை வீட்டிலிருந்தே ஓட்டும் கணினி கேட்டு, மறுநாளே சுங்கைப் பட்டாணிக் கணினிக் கடைக்குப் போனேன்.

"சொந்த செர்வரா? யாருக்கு சார், பேரனுக்கா?"

"எனக்கு."

"ரெடிமேடா நெட்டுல கொட்டிக் கெடக்கு லா. எடுத்துப் போட்டு விளையாடுங்க. எதுக்கு கஷ்டப்பட்டு சுசா படுறீங்க?"

சுலபமாகக் கிடைத்ததைக் கொண்டுபோய் அவளிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடம் கணிதம் கற்பித்தவன். முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். யார் உள்ளே இருக்கிறார், எங்கே நிற்கிறார் என்று நினைவில் வைத்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். செர்வரின் வேலை அவ்வளவுதான். அதற்குப் பதினான்கு மாதம் ஆனது. ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் இடம் வேண்டும் என்று தெரியாமல் ஒன்றாக எண்ணியதால், 'வணக்கம்' பல வாரம் 'வண' என்றே வந்து நின்றது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து மகளை அழைத்தேன். திரையில் பச்சை வயல், ஒரு பாலம், அதன்மேல் அவளுக்கென்று ஒரு வில்லாளி. வந்தாள். உடனே மறைந்தாள். மறுபடி வந்தாள், மறைந்தாள்.

"பா, வெளிய தள்ளுது."

நிரலைப் பார்த்தேன். 'இருக்கிறாயா?' என்று செர்வர் கேட்டுக்கொண்டே இருக்கும். அரை விநாடிக்குள் பதில் வராவிட்டால் வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன். வீட்டிலிருந்த இரண்டு கணினிகளும் உடனுக்குடன் பதில் சொன்னதால், அயர்லாந்து வரை போய்வர ஆகும் நேரம் எனக்கு உறைக்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"அரை செகண்டா? கிளாஸ்ல பேரு கூப்பிட்டு, வாயைத் தொறக்கிறதுக்குள்ள ஆப்சென்ட் போடுவீங்களே, அப்படியா?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வெட்டும் வரியையே எடுத்தேன். அவள் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இந்த முறை வில்லாளி பாலத்தில் நிலைத்து நின்றது.

'அழகா இருக்குப்பா' என்று எழுத்து வந்தது.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனையும் கட்டியது இதைச் சொல்லத்தான். 'உன் பழைய வில்லாளியை அழித்தது நான். உன் தோழி இல்லை' என்று தட்டி அனுப்பினேன். முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

செர்வர் கேட்கும்போதெல்லாம் அவள் கணினி 'இருக்கிறேன்' என்றது. அவள் ஒன்றும் எழுதவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வில்லாளி பாலத்தில் அசையாமல் நின்றது. இந்த முறை நான் எதையும் அழுத்தவில்லை.