ஏழு வீட்டிலும் நலம்

நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த சுவர் விழுந்த மறுவருஷம் எங்கள் ஊர் கூட்டுறவுப் பண்ணையை மூடினார்கள். அங்கே பால் கறந்துகொண்டிருந்த ஹைட்ரூனுக்கு அப்போது முப்பது வயது. கிடைத்த வேலையெல்லாம் செய்து பார்த்தாள். கடைசியில் புள்ளிவிவரத் துறைக்காக வீடு வீடாகப் போய் எழுதும் வேலை நிலைத்தது. எதுவரை படித்தீர்கள், சம்பளம் எவ்வளவு, உடம்பு எப்படி. பால்டிக் கரையோரக் கிராமங்களில் அவள் உட்காராத சமையலறை இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு நாள் பத்திரிகையில் பட்டியல் வந்தது. அவளைப் போன்றவர்கள் எழுதிக் கொடுத்த படிப்பு, உடல்நலம், வருமானம் மூன்றையும் வைத்து நாட்டின் மாவட்டங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். மியூனிக் பக்கம் உச்சியில். நாங்கள் கடைசி.

ரொட்டிக் கடையில் எக்கார்ட் நின்றிருந்தான். பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"வந்துட்டா பாருங்க, நம்மள கடைசி பெஞ்சுல உக்கார வச்ச மகராசி!"

"நீ பள்ளிக்கூடத்துலயும் அங்கதானேடா உக்காந்திருந்த" என்றாள் ஹைட்ரூன். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கணக்கெடுப்பில் எக்கார்டின் வீடும் வந்தது. கதவைத் திறக்க மாடியிலிருந்து இறங்கியவன், மேலே ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நலம்."

"எக்கார்ட்..."

"நலம்னு சொன்னேன்ல? எழுது."

சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினாள். அந்தத் தெருவில் ஏழு வீடு. பக்கவாதம் வந்த கிழவர் உட்பட ஏழு வீட்டிலும் நலம்.

புதிய பட்டியலில் எங்கள் மாவட்டம் ஆறு இடம் ஏறியது. தீயணைப்பு நிலையத்தில் பீர் பாட்டில் திறந்து கொண்டாடினார்கள். இலையுதிர் காலத்தில் செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்த மருத்துவர் வண்டி நின்றது. கடைசி ஐந்து மாவட்டங்களுக்குத்தான் அது என்றார்கள். ஏழு வீட்டுப் பதிலால்தான் ஏறினோமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஹைட்ரூனுக்கு மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்க மனசு ஆறவில்லை. எக்கார்ட் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் அதே வீடு, அதே கேள்வி. பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் உன் மானத்த எழுத வரல எக்கார்ட். உன் நெஞ்ச எழுத வந்திருக்கேன். என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். உள்ளத மட்டும் சொல்லு."

அவன் காப்பியைக் கலக்கினான்.

"மோசம்னு போட்டுக்கோ."

"ரொம்ப மோசம்னும் ஒண்ணு இருக்கு."

"ஏய், ஆசையப் பாரு! மோசம் போதும்."

அடுத்த வருஷம் நாங்கள் மீண்டும் கடைசி ஐந்துக்குள் இறங்கினோம். இம்முறை ரொட்டிக் கடையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மருத்துவர் வண்டி வந்தது, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். முதல் நாள் வரிசையில் எக்கார்ட் முன்னால் நின்றான். மூட்டுவலியோடு ஹைட்ரூன் அவனுக்குப் பின்னால்.