அடுப்புக்கு மேல் தொங்கிய சுரைக்குடுக்கை

சுகந்திக்கு நாற்பத்து நான்கு வயது. பார்ப்பவர்கள் ஐம்பதைத் தாண்டியவள் என்றுதான் நினைப்பார்கள். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் சாலையில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் அவளுடைய ஊர் வரும். கணவர் மாரிச்செல்வம் கோயம்புத்தூரில் ஒரு மில் கேண்டீனில் சமைக்கிறார். பொங்கலுக்கும் குலசாமி கும்பிடுக்கும் ஊருக்கு வருவார். மகள் பிருந்தா ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். சுகந்தி நூறு நாள் வேலைக்குப் போவாள். அது இல்லாத நாட்களில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போவாள். அதுவும் இல்லாவிட்டால் கரிமூட்டத்துக்கு விறகு அடுக்கப் போவாள். எந்த வேலைக்குப் போனாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் கொல்லைக்குத்தான் போவாள். உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கொல்லை பெரியதில்லை. இரண்டு கத்தரிப் பாத்தி, வேலியோரம் அவரை, கிணற்றடியில் கொஞ்சம் தண்டங்கீரை. நடுவில் சுரைக்குப் பந்தல். எல்லாமே வீட்டு விதை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடையில் வாங்கிய விதையைப் போட்டால் கொடி நாலு இலை விட்டு ஓரம் கருகிப் படுத்துவிடும். இந்தச் சுரை மட்டும் அப்படியில்லை. முளைத்து வரும் வரை நல்ல தண்ணீர் கொடுத்தால் போதும், பிறகு உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே காய்க்கும். அடி பருத்து, கழுத்துச் சிறுத்து, குடம் போல இருக்கும். ஒரு காய் இரண்டு வீட்டுக் குழம்புக்குக் காணும்.

ஊரில் வேறு யாரும் இந்த விதையை எடுத்து வைப்பதில்லை. அதனால் ஐப்பசி பிறந்ததும் பெண்கள் அவளிடம் விதை கேட்டு வருவார்கள். விதையை விற்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு கொடுக்கவும் கூடாது. வாங்கியவர்கள் காய்த்ததும் ஒரு காயைக் கொண்டுவந்து கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. ஊரில் சுகந்தி என்ற பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இவளை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், "சுரை வெதை குடுக்குமே, அந்தச் சுகந்தி" என்பார்கள். அவளைப் பற்றி ஊர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

விதையை அவள் வைத்திருந்த விதம் இது. பந்தலில் நல்ல காயாக ஒன்றைப் பார்த்து, அதன் மேல் சுண்ணாம்பால் பொட்டு வைத்துவிடுவாள். பொட்டு வைத்த காயை யாரும் தொடமாட்டார்கள். அது கொடியிலேயே முற்றிக் காய்ந்த பிறகு உடைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றில் போட்டு வாயைத் துணியால் அடைத்து, அடுப்புக்கு நேர் மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். வருஷம் முழுவதும் அது அங்கேயே தொங்கும்.

போன ஐப்பசியில் மழை சரியான நேரத்துக்கு வந்தது. சுகந்தி குடுக்கையை இறக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுத்தாள். தானும் பந்தலடியில் ஊன்றினாள். முளைக்கவில்லை. மழை அதிகமாகி அழுகியிருக்கும் என்று மறுபடி ஊன்றினாள். அதுவும் முளைக்கவில்லை. அந்த வாரம் கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை நடந்தது. மண்வெட்டியைப் பிடித்தபடி சோணையம்மாள்தான் பேச்சை எடுத்தாள். சோணையம்மாளுக்கு யாரையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை.

"ஏத்தா சுகந்தி, ஒன் வெதை மண்ணுக்குள்ள போயி நல்லாத் தூங்குது. எழுப்பி விடணுமா, தானா எந்திரிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி தன் வீட்டிலும் வரவில்லை என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். சுகந்தி குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். மேட்டிலும் பள்ளத்திலும் யாருக்குமே முளைக்கவில்லை என்றால் அது மழையின் குற்றமாக இருக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து குடுக்கையை முறத்தில் கவிழ்த்தாள். மிச்சமிருந்த விதையோடு மாவு மாதிரித் தூளும் கொட்டியது. ஒரு விதையைப் பல்லால் பிளந்து பார்த்தாள். உள்ளே பருப்பு இல்லை. இன்னொன்றில் பருப்பு இருந்தது, ஆனால் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையை அண்ணாந்து பார்த்தாள். முன்பெல்லாம் அந்தக் கயிறு கைபட்டால் கரி ஒட்டும். இப்போது சுத்தமாக இருந்தது. குடுக்கையும் சுத்தமாக இருந்தது. கயிற்றுக்கு நேர் கீழே கேஸ் அடுப்பு. அதன் மேல் இட்லிச் சட்டி.

கேஸ் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மண் அடுப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் மேடை கட்டி கேஸை வைத்தார்கள். குடுக்கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுப்புக்கு மேல் தொங்க வேண்டும் என்பது வழக்கம், அடுப்புக்கு மேல்தான் தொங்கியது. விதையைக் காத்தது அடுப்பு இல்லை, புகை என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. புகை நின்ற பிறகு தினமும் இட்லி ஆவிதான் அதில் பட்டுக்கொண்டிருந்தது.

பிருந்தா வந்ததும் சுகந்தி இதைச் சொன்னாள். டவுனில் விதை பாக்கெட் வாங்கி வரட்டுமா என்று பிருந்தா கேட்டாள். சுகந்தி வேண்டாம் என்றாள்.

மார்கழியில் சோணையம்மாள்தான் மறுபடி ஒரு செய்தி கொண்டுவந்தாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"ஒன் ஓரகத்தி வீட்டுக் கக்கூசு மேல சொரக்கொடி ஏறிக் கெடக்கு. குடம் குடமாத் தொங்குது. நம்ம காயிதான் அது. ஊருல வேற எவகிட்ட இருக்கு?"

ஓரகத்தி என்றால் கோகிலா. மாரிச்செல்வத்தின் தம்பி பிரபுவின் மனைவி. அண்ணன் தம்பி வீட்டைப் பிரித்தபோது நல்ல தண்ணீர்க் குழாய் பிரபுவின் பக்கம் போனது. பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. ஆனால் போன சித்திரையில் தண்ணீர் வருவதே அரிதாகிப் போன நேரத்தில், சுகந்தி அந்தக் குழாயில் பிடித்த குடத்தைக் கத்தரிக்கு ஊற்றியதைக் கோகிலா பார்த்துவிட்டாள். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, இவள் செடிக்கு ஊற்றுகிறாள் என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். சுகந்தியும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அன்றிலிருந்து பேச்சில்லை. சுகந்தி தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்துக்கொள்கிறாள்.

அந்தச் சண்டைக்கு முந்திய பொங்கலுக்கு அவள் கோகிலாவுக்கு ஒரு சுரைக்காய் கொடுத்திருந்தாள். கொஞ்சம் முற்றின காய். கோகிலா உள்ளே இருந்ததை வழித்துக் கக்கூசை ஒட்டிய குப்பைமேட்டில் கொட்டியிருப்பாள். சாம்பலும் சாணியுமாகக் கிடந்த குப்பையில் அந்த விதைகள் கோடை முழுக்கக் கிடந்து, மழைக்கு எழுந்துவிட்டன.

உடனே போயிருக்க வேண்டும். சுகந்தி போகவில்லை. போனால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு, வேலை இல்லாத அன்றைக்கு, மாரிச்செல்வம் பொங்கலுக்கு வந்ததும் அவரை விட்டுக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். மாரிச்செல்வம் வந்தார். அது பொம்பளைகள் விஷயம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குள் கோகிலா ஒவ்வொரு காயாக அறுத்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் பொட்டு வைக்கவில்லை.

தை முடியும்போது ஒரு நாள், விறகு அடுக்கிவிட்டு வந்தவள் முகத்தைக் கூடக் கழுவாமல் நேராகக் கோகிலாவின் வாசலுக்குப் போய் நின்றாள். கோகிலா அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கரி படிந்த முகத்தோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். வந்த காரியத்தைச் சுகந்தி சொன்னாள்.

"வெளக்கு வச்சாச்சு. வெதைப் பேச்சு இப்பப் பேசக் கூடாதுன்னு நீதான ஊருக்கே சொல்லுவ," என்றாள் கோகிலா. கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சுகந்தி வேலைக்குப் போகாமல் மறுபடி வந்தாள். இருவரும் கக்கூசுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கொடியில் பாதி இலை பழுத்திருந்தது. தகரக் கூரையின் மேல் ஒரே ஒரு காய் இருந்தது. நல்ல காய், ஆனால் இன்னும் பச்சை.

"இத மட்டும் விட்டுரு கோகிலா. முத்தட்டும்."

"முத்துற வரைக்கும் யாரு பாக்குறது? கொடி வாடிப்போச்சு. இதுக்குத் தண்ணி ஊத்த என்னால ஏலாது. எனக்கு ஆடு இருக்கு, மாடு இருக்கு, புள்ளைக இருக்கு."

"நான் வந்து ஊத்துறேன்."

"எங்க குழாயில பிடிக்கக் கூடாது."

"தெருக்குழாயில இருந்தே கொண்டாரேன்."

"ஒரு சொரக்காய்க்கு இம்புட்டா," என்று மட்டும் கேட்டாள் கோகிலா. அது ஏளனமா, உண்மையாகவே கேட்கிறாளா என்று சுகந்திக்குத் தெரியவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சுண்ணாம்பை எடுத்து, கல் மேல் ஏறி நின்று காய்க்குப் பொட்டு வைத்தாள். தகரம் சுடாமல் இருக்க அடியில் கொஞ்சம் வைக்கோலைச் செருகினாள்.

மாசி முழுக்க அப்படித்தான் போனது. சுகந்தியின் உப்புக் கிணறு தைக்கே வற்றிவிட்டிருந்தது. வேலை முடிந்து வந்து, தெருக்குழாயில் நின்று, தன் வீட்டுக்கு ஒரு குடம், கோகிலா வீட்டுக் கொடிக்கு ஒரு குடம். இடுப்பில் குடத்தோடு அந்த வாசலைக் கடக்கும்போது கோகிலா பார்க்காத மாதிரி இருப்பாள். தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிற மாதிரியே இருப்பார்கள். இடுப்பு வலித்தது. ஒரு நாள் பிருந்தா தான் எடுத்துப் போவதாகச் சொன்னாள். சுகந்தி அவளைப் படிக்கச் சொன்னாள். தன் சொந்தக் கொல்லையில் அவரை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஊற்றத் தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை. ஒருநாள் கொடியடி ஏற்கனவே ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போல, சோற்றுப் பருக்கை இரண்டு மூன்று மண்ணில் கிடந்தன. யார் ஊற்றியது என்று அவள் கேட்கவில்லை. கோகிலாவும் சொல்லவில்லை.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மதியம், வேலையிலிருந்து வந்து குடத்தோடு போனபோது கூரையில் காய் இல்லை. வைக்கோல் சிதறிக் கிடந்தது. சுகந்தி குடத்தை இறக்கவில்லை. அப்படியே நின்றாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் போலிருந்தது.

கோகிலா பின்வாசலில் வந்து நின்றாள்.

"குரங்கு வந்துருச்சு. கொடியப் பூராம் பிச்சு எறிஞ்சிருச்சுக. கம்ப எடுத்துட்டு ஓடிப்போயி காய மட்டும் அறுத்து உள்ள வச்சிருக்கேன். நீ வேலையில கெடந்த. நான் என்ன செய்ய?"

காய் உள்ளே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. சுண்ணாம்புப் பொட்டு அப்படியே இருந்தது. பச்சை மாறி வெளுத்திருந்தது, ஆனால் முழுவதும் காயவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கொடியில் இருந்திருக்க வேண்டும். சுகந்தி காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. விதை முற்றியிருக்கிறதா என்பது உடைத்தால்தான் தெரியும். இப்போது உடைத்தால் முற்றாத விதையும் வீணாகிவிடும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் கவிழ்த்து வைத்தாள். காத்திருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், தூங்கினாள். சித்திரையில் ஒரு காலை அதை எடுத்து ஆட்டியபோது உள்ளே கலகலவென்றது. அரிவாள்மணையில் வைத்துப் பிளந்தாள். விதைகளை ஒரு சட்டித் தண்ணீரில் போட்டாள். முக்கால்வாசிக்கு மேல் மிதந்தது. மிதந்ததை வழித்து ஊற்றினாள். அடியில் தங்கியது இருபது முப்பது விதைதான். ஊருக்குக் கொடுக்க அது காணாது. இரண்டு பந்தலுக்குக் காணும். ஒரு வருஷம் கழித்துத்தான் ஊருக்குக் கொடுக்க முடியும்.

வெயிலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கைத் துணியில் முடிந்து, கொல்லையில் இருக்கும் வெந்நீர் அடுப்புக்கு மேல் கூரைக் கழியில் கட்டினாள். அங்கே இன்னும் கருவேலம் சுள்ளிதான் எரிகிறது. அடுப்பைப் பற்றவைத்து, முடிச்சைப் புகை சூழும் வரை இருமிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு கோகிலா வீட்டுக்குப் போனாள். பொழுது இன்னும் இருந்தது.

கோகிலா கையை நீட்டவில்லை.

"நான் எங்கன வைக்க? எனக்கும் கேஸுதான். ஒன்ன மாதிரி இட்லிச் சட்டி மேல கட்டித் தொங்கவிடவா?"

சுகந்தி வாசப்படியில் உட்கார்ந்தாள். அந்த வாசலில் அவள் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"கட்ட வேணாம். போன தடவை போட்ட மாதிரி குப்பையிலயே போடு. அங்கனதான் நல்லா இருந்துச்சு."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை விரித்து விதையை வாங்கினாள்.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள போட்டுர்றேன் யக்கா," என்றாள்.

தெருமுனையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக யாரோ சத்தம் கொடுத்தார்கள். வரிசை நீளும் முன் போக வேண்டும். சுகந்தி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"அங்கன எதுக்குப் போற," என்றாள் கோகிலா, குப்பைமேட்டுப் பக்கம் நடந்தபடியே. "குடத்தக் கொண்டாந்து இங்கனயே பிடி."