கத்தினால்தான் மருந்து

எங்கள் பெரிய சிஸ்டரை, அதாவது தலைமை நர்ஸை, நினைத்தால் அவர் முகத்துக்கு முன்பே அந்தச் சாவிதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளைச் சேலையின் இடுப்பில், பெரிய ஊக்கில் மாட்டிய ஒற்றைச் சாவி. மார்ஃபின் மாத்திரை இருந்த இரும்பு அலமாரியின் சாவி அது. போன மாதம் அவர் காலமானார். இரங்கல் கூட்டத்துக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். புற்றுநோய்க்காரர்களுக்கென்று மாடியில் ஒரு வார்டை ஒதுக்கினார்கள். பிரசவ வார்டில் இருந்த என்னை மாடிக்குப் போ என்றார்கள், போனேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. ஒரு தடவை, வலியைக் குறைக்கும் சிகிச்சை பற்றி மதுரையில் வகுப்பு, ஒருவரை அனுப்பலாம் என்று தகவல் வந்தது. தினமும் புண் கழுவுகிற எங்களில் யாராவது போயிருக்க வேண்டும். பெரிய சிஸ்டர் போனார். சீனியாரிட்டியாம்! ஓய்வுபெறப் போகிறவருக்கு! தோளில் புதுப் பையும் கையில் சான்றிதழுமாகத் திரும்பி வந்தார். என்ன சொல்லித்தந்தார்கள் என்று ஆசையாகக் கேட்டேன். “எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதாம்ட்டி. போ, போய் வேலையப் பாரு” என்றார்.

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கத்துகிறவருக்கு வலி இருக்கிறது, கத்தாதவருக்கு இல்லை. கத்தினால் ஒரு மாத்திரை. நினைத்தபோதெல்லாம் கொடுத்தால் போதைப் பழக்கமாகிவிடும், அதிகாரிகள் வந்து கணக்குக் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். பயம் எனக்கும் புரிகிறது. அதைத் தொலைக்கத்தானே மதுரைக்கு அனுப்பினார்கள்?

உவரியில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி வந்து சேர்ந்தாள். மார்பில் தொடங்கியது முதுகெலும்புக்குப் போயிருந்தது. துணைக்கு ஒரே மகள், கல்யாணம் பேசி வைத்திருந்த பெண். அக்கா கத்தவே மாட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருக்கும், தலையணை நனைந்திருக்கும், சத்தம் மட்டும் வராது. மாத்திரை கேட்டுப் போவேன். பெரிய சிஸ்டர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். “ஏட்டி, அவ சும்மாதான கெடக்கா? ஒனக்கா வலிக்கி?” என்பார். டாக்டரிடம் போனேன். “பெரிய சிஸ்டர் டிரெய்னிங் எடுத்தவங்க, அவங்க பாத்துக்கிடுவாங்க” என்றார்.

கடைசியில் அக்காவிடம் குனிந்து சொன்னேன். “வலிச்சா கத்துங்கக்கா.”

“மக பக்கத்துல இருக்காளே சிஸ்டர், எப்பிடி கத்த? பயந்துருவால்லா.”

வெந்நீர் வாங்கிவர மகளைக் கீழே அனுப்பினேன். “இப்பம் கத்துங்க” என்றேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. பெரிய சிஸ்டர் ஓடி வந்து அலமாரியைத் திறந்தார். “பாத்தியா? வலி இருந்தா மனுசி கத்தத்தான செய்வா” என்றார் என்னிடம். பெருமை வேறு! திரும்பிப் பார்த்தால் மகள் காலி பிளாஸ்க்கோடு வாசலில் நிற்கிறாள். பாதிப் படியிலேயே கேட்டுத் திரும்பிவிட்டாள்.

சில வருஷம் கழித்து அதே வகுப்புக்கு நானும் போனேன். முதல் நாளே சொல்லித்தந்தார்கள்: வலி வரட்டும் என்று காத்திருக்காதே, நேரம் தவறாமல் முன்கூட்டியே கொடு, கத்தும் நிலைக்கு யாரையும் விடாதே. பெரிய சிஸ்டரும் இதையெல்லாம் கேட்டுத்தானே வந்தார் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. போய்ச் சேர்ந்தவரை ஏசக் கூடாது என்கிறார்கள். நான் ஏசுவேன்.

அன்று கத்தியதற்குப் பிறகு அக்கா கொஞ்ச நாள்தான் இருந்தாள். மகளை வெளியே அனுப்ப வேண்டிய தேவையே வரவில்லை. மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரத்தை மகள் தெரிந்துவைத்திருந்தாள். அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். நெற்றியைத் தடவியபடியே சொல்வாள்.

“கத்தும்மா. கத்துனாத்தான தருவாவ.”