முதல் கம்பி

என் சித்தப்பாவின் கிதார் மடியில் படுத்திருக்கும். வலது கை கம்பிகளை மீட்டும். இடது கையில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. அதைக் கம்பிகளின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போவார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓசை சறுக்கிக்கொண்டு போகும். பூனையின் வாலை மிதித்தது போலிருக்கிறது என்பார் அப்பா. ஆனாலும் வாசித்து முடியும்வரை எழுந்து போகமாட்டார்.

சித்தப்பா ஆவடி ராணுவ முகாமில் சமையல்காரர். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் அந்த ஸ்டீல் கிதாரையும், அதற்கான இங்கிலீஷ் புத்தகத்தையும், சுருதி பார்க்க ஆறு துளையுள்ள சின்ன ஊதல் ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். வாசிக்கும் விதத்தை அவனைப் பார்த்தே கற்றிருந்தார். புத்தகம்தான் அவருக்குப் புரியவில்லை. அதைப் படித்துச் சொல்ல நான் இருந்தேன்.

என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். பெண் பள்ளிக்கூடம் போனால் நாற்று நட யார் வருவார்கள் என்று அப்பா கேட்டபோது சித்தப்பா வாதாடவில்லை. மறுநாள் காலையில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வேன். நான் சொன்னபடி அவர் விரல்கள் நகரும். அந்த இடம் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு சித்தி வந்தாள். குத்தம்பாக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். வந்த மூன்றாம் வாரமே, அரிசி களைந்துகொண்டு, ஒரு கம்பியில் சுருதி இறங்கியிருக்கிறது என்றாள். சித்தப்பா தட்டிப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, நான் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த வாரம் எஃகுத் துண்டு அவள் கையில் இருந்தது. அவர் அதை ஒருநாளும் என் கையில் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை, கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு எழுத்துச் சொல்லித் தருவாயா என்று சித்தி என்னிடம் ஒருமுறை கேட்டாள். வீட்டுப்பாடம் இருக்கிறது என்றேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முகாமின் விருந்துக் கூடத்தில் சித்தப்பாவை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். சமையல்காரராக அல்லாமல் வாசிக்கிறவராக அவர் அந்தக் கூடத்துக்குள் போகப்போவது அதுதான் முதல் தடவை. மவுண்ட் ரோடுக்குப் போய்ப் புதுக் கம்பிகள் வாங்கி வந்தார். யுத்தக் காலம், கடையில் இருந்ததே அந்த ஒரு செட்தான். அதுவரை சிப்பாய் வைத்துப்போன சுருதியையே காப்பாற்றி வந்தவர், இப்போதுதான் புத்தகத்தைப் பார்த்து முதலிலிருந்து முறுக்க வேண்டியிருந்தது. நான் படித்து ஊதலை ஊத, அவர் முறுக்கினார்.

அவர் மார்புப் பக்கம் இருந்த தடித்த கம்பியை நான் முதல் கம்பி என்று எடுத்துக்கொண்டேன். முதலுக்கும் கடைசிக்கும் ஒரே சுரம் என்பதால் அது சரியாகவே நின்றது. இரண்டாவது இழுத்துக்கொண்டு நின்றது. மூன்றாவதில் சித்தி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அந்தப் பக்கத்துல இருந்து எண்ணணும் போலக்கீது. இது ஏறிக்கினே போவுது பாரு."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் படம் இருந்தது. மெல்லிய கம்பிக்கு நேராக ஒன்று என்று போட்டிருந்தது. என் உள்ளங்கையை அந்தப் படத்தின்மேல் வைத்தேன்.

"எழுத்து தெரியாதவங்க புக்கைப் பத்திப் பேச வேணாம்" என்றேன்.

சித்தப்பா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"படிச்ச புள்ள சொல்லுது. முறுக்கலாம்" என்றார்.

இன்னும் இரண்டு சுற்று. கம்பி அறுந்து அவர் மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு கோடு இழுத்தது. கம்பி மட்டமான சரக்கு என்று அவரே சொல்லிக்கொண்டு கிதாரைத் துணியில் சுற்றி வைத்தார். கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போலச் சாப்பாட்டுத் தட்டு ஏந்தத்தான் போனார்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று.

நான் இப்போது பட்டணத்தில் ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறேன். போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது சித்தி கிதாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிட நன்றாக வாசிக்கிறாள். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. அவள் நிறுத்தியதும், அன்றைக்குப் படத்தை மறைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருந்தன்மையாகவும் இருந்தது எனக்கு.

"அவருக்கு அப்பவே தெரியும்மா" என்றாள் சித்தி. "அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு. என் முன்னால நீ சொன்னது தப்புன்னு சொல்ல மனசு வரலையாம். நீ தலகுனிஞ்சா படிப்ப உட்ருவியோன்னு பயந்தாரு. உங்கிட்ட சொல்லாதேன்னாரு."

அவர் எனக்காக ஒரு கம்பியையும் ஒரு கிறிஸ்துமஸையும் இழந்தார் என்று தெரிந்த கணத்தில் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. என்னைப் பற்றி அவர்கள் இருவரும் தனியாகப் பேசியிருக்கிறார்கள், இத்தனை நாள் சேர்ந்து பொத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மனதில் நின்றது. அவரிடமிருந்து எனக்கென்று வந்த கடைசிச் சொல்லும் அவள் வாய்வழியாகத்தான் வந்தது.