ஜட்ஜக்காவும் கண்ணாடி ராணியும்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே, பஞ்சர் கடைக்கு மேல்மாடியில், 'ஜீவா பிரவுசிங் அண்ட் ஜெராக்ஸ்' என்று ஒரு கடை. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கரண்ட் போன அடுத்த நிமிஷமே தானும் போய்விடும் ஒரு யுபிஎஸ். போர்டில் இருந்த பெயர்தான் ஜீவானந்தத்துடையது. அந்த மனிதர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், அவ்வளவுதான். கடை என்றால் அது அவர் மனைவி துர்காதான். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். குரலை உயர்த்தினாள் என்றால் கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

2007-ஆம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்தக் கடைக்கு ஒரு கூட்டம் வரும். சின்னப் பிள்ளைகள் இல்லை, எல்லாம் சம்பாதிக்கிற ஆட்கள். தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் இன்ஜினியராக இருந்த மதியழகன், பாங்கில் வேலை பார்த்த பத்ரிநாராயணன், சேலையூரில் பிசிக்ஸ் டீச்சர் ஹெப்சி, இன்னும் நாலைந்து பேர். பைக்குள்ளிருந்து அட்டைக் கட்டுகளை எடுத்து மேஜையில் பரப்புவார்கள். அட்டைக்கு அட்டை டிராகன், சூனியக்காரி, நெருப்புக் குள்ளன். ஏழு சிம்மாசனம் என்று அர்த்தம் வரும் ஏதோ ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் அந்த ஆட்டத்துக்கு. இவர்கள் சுருக்கி 'செவன்' என்பார்கள். ஆளுக்கு இருபது உயிர். அட்டையைத் திறந்து எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். யாருக்கு உயிர் தீர்ந்ததோ அவர் அவுட்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டின் விதிப் புத்தகம் இருக்கிறதே, அதை எழுதின மகராசன் பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டான் போலிருக்கும். ஒரு டிராகனை ஒருவன் தூங்க வைக்கிறான், இன்னொருவன் அதே நேரத்தில் எழுப்புகிறான் என்றால் அது தூங்குமா, எழுமா? புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அப்புறம் என்ன, சண்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியழகனும் பத்ரியும் போட்ட கூச்சலில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் பயந்துபோய் ஒரிஜினலை மெஷினிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

துர்காவுக்கு வந்ததே கோபம்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீறீங்க? ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க! அந்தக் கம்பியாண்ட நின்னு ரோட்டப் பாருங்க. நான் கூப்புடற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா!"

அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. அவள் பிறந்த குப்பத்துப் பழக்கம் அது, தானாக வாயில் வந்துவிட்டது. கடலில் இரண்டு பேர் வலை சிக்கிக்கொண்டால் மீன் யாருக்கு என்று வழக்கு வரும். வலைக்காரர்கள் இருவரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். பேசக் கூடாது. நடந்ததை மூன்றாவது படகில் இருந்தவன் சொல்வான். அதைக் கேட்டுத்தான் முடிவு. மீன் கிடைக்கப் போகிறவன் வாயால் நியாயம் வராது என்பது அந்த ஊர்க் கணக்கு. துர்கா சிறுமியாக இருந்தபோது, காயப் போட்ட வலைகளுக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்கலாம், அவ்வளவுதான். பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் அங்கே இல்லை.

மதியழகனும் பத்ரியும் திருதிருவென்று விழித்தபடி மாடி வராந்தாவில் போய் நின்றார்கள். நடந்தது என்ன என்று ஹெப்சியைக் கேட்டாள் துர்கா. கேட்டுவிட்டு, "தூங்குற நாய எழுப்புனா எழுந்துக்கும். எழுந்த நாய் உடனே தூங்குமா? எழுப்புனவன் பக்கம்தான் நாயம்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் யாரும் மறுக்கவில்லை. குப்பத்து வலை வழக்கையும் அவள் அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். அன்றையிலிருந்து அவளுக்கு 'ஜட்ஜக்கா' என்று பெயர் விழுந்தது.

நடுவில் ஒரு போலீஸ்காரர்கூட வந்துவிட்டுப் போனார். மாடியில் சீட்டாட்டம் நடக்கிறது என்று யாரோ புண்ணியவான் வத்தி வைத்திருக்கிறான். "சார், இதுல ராஜா ராணி இல்ல, பல்லி பாம்புதான் கீது, நீங்களே பாருங்க" என்று ஒரு டிராகனை அவர் கையில் கொடுத்தாள் துர்கா. மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

ஜட்ஜக்கா என்ற பெயர் வந்த பிறகு துர்கா சும்மா இருக்கவில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவள் ஹெப்சி. தன்னைவிடப் பத்து வயது மூத்தவளிடம் பாடம் நடத்துகிற தோரணை அவளுக்குத் துளியும் கிடையாது. "அக்கா, எனக்கே இது குழப்பமா இருக்கு, சேர்ந்து படிக்கலாமா?" என்பாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் பொருள் எழுதினார்கள். ஆறு மாதத்தில் துர்கா அட்டைகளைத் தானே வாசித்தாள். ஒவ்வொரு தீர்ப்பையும் அதே நோட்டில் எழுதினாள். சந்தேகமான தீர்ப்பு என்றால் அட்டை போடுகிற அமெரிக்கக் கம்பெனிக்கு ஒற்றை விரலால் தட்டித் தட்டி மெயில் அனுப்பினாள். பதில் வர மூன்று நான்கு வாரம் ஆகும். ஐந்து பதில்கள் வந்தன. அடேயப்பா, ஐந்திலும் ஜட்ஜக்கா சொன்னதே சரி! அந்தக் காகிதங்களைப் பிரிண்ட் எடுத்து, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

சிரிக்காதீர்கள். முப்பத்தேழு வயதுவரை அவள் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் அதன்படி நடந்ததும் இல்லை. இங்கே படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்காக அவள் தினமும் மனசுக்குள் நன்றி சொன்னாள். கடவுளுக்குப் பாதி, ஹெப்சிக்குப் பாதி.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷக் கடைசியில் இறுதிப் போட்டி வந்தது. ஜெயிக்கிறவர் பெங்களூர் போய் இந்தியா அளவில் ஆடலாம். கடைசியில் நின்றவர்கள் மதியழகனும் ஹெப்சியும். ஹெப்சிக்கு அது சாதாரண விஷயமில்லை. அவள் வீட்டில் இந்த அட்டைகளைச் சீட்டு என்று நினைத்து அம்மா தபீதாள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பெங்களூர் வரை போய் வந்தால் வீட்டிலும் ஒரு மரியாதை வரும் என்று ஹெப்சி துர்காவிடம் சொல்லியிருந்தாள்.

ஆட்டம் உச்சத்துக்கு வந்தது. மதியிடம் நாலு உயிர், ஹெப்சியிடம் மூன்று. மதி தன் சாம்பல் டிராகனைத் திறந்தான். ஐந்து உயிரைக் குடிக்கிற அடி. ஹெப்சி அசராமல் ஒரு நீல விளிம்பு அட்டையைத் திறந்தாள். கண்ணாடி ராணி. எந்த அடி வந்தாலும் அதே அடியை அடித்தவனுக்கே திருப்பிக் கொடுப்பாள். அந்த வாரம்தான் புதிதாக வந்த அட்டை. அதை அதுவரை யாரும் ஆடிப் பார்த்ததில்லை.

இப்போது யார் செத்தது? டிராகன் முதலில் அடித்தால் ஹெப்சி அவுட்; அவுட்டானவளின் ராணி திருப்பி அடிக்க முடியாது. ராணி முதலில் திருப்பினால் மதி அவுட். அவன் டிராகனின் அடி விழவே விழாது. புத்தகத்தைப் புரட்டினார்கள். வழக்கம்போல எழுதினவன் சாப்பிடப் போயிருந்தான்.

"ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க" என்றாள் துர்கா. அவள் குரல் அன்றைக்கு இறங்கியிருந்தது. ஹெப்சி ஒரு நொடி அவளைப் பார்த்தாள், எதையோ சொல்லப் போகிறவள்போல. பிறகு எழுந்துபோய், மதிக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைப் பார்த்து நின்றாள்.

பத்ரி நடந்ததைச் சொன்னான். துர்கா கண்ணை மூடினாள். ஹெப்சியை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அதனாலேயே அவளுக்குப் பயம் வந்தது. மனசு ஒரு பக்கம் சாய்கிறபோது ஊர்ப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பத்திரம் என்று நினைத்தாள். முதலில் போட்ட வலைக்கே முதல் பாத்தியதை. அதுதான் குப்பத்துத் தீர்ப்பு.

"டிராகன்தான் மொத. மதி ஜெயிச்சிட்டாப்ல" என்றாள்.

ஹெப்சி உள்ளே வந்து மதிக்குக் கை கொடுத்தாள். "சூப்பர் ஜட்ஜ்மென்ட்க்கா" என்று சிரித்தாள். மதி பெங்களூர் போனான், முதல் சுற்றிலேயே மூக்குடைபட்டுத் திரும்பி வந்தான்.

தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே துர்கா வழக்கம்போலக் கம்பெனிக்கு மெயில் தட்டியிருந்தாள். இருபத்து மூன்றாம் நாள் காலை, கடையைத் திறந்ததும் பதில் வந்திருந்தது. துர்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். நீல விளிம்பு அட்டைகள் பதில் அட்டைகள். எப்போது திறந்தாலும் அவைதான் முதலில் வேலை செய்யும். ராணி முதல், டிராகன் அப்புறம். ஜெயித்தவள் ஹெப்சி.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்னை மனுஷியாக மதித்தவளுக்கா இந்த அநியாயத்தைச் செய்தேன் என்று நொந்துகொண்டாள். கூடவே, சொல்ல வெட்கம்தான், வேறொன்றும் தோன்றியது. மெயிலைப் பார்த்தது அவள் ஒருத்திதான். ஒரு பட்டனைத் தட்டினால் போயே போய்விடும். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஜீவானந்தம் சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, "வெள்ளாட்டு தான, வுடு துர்கா. சொன்னின்னா அப்பறம் உன்ன எவனும் ஜட்ஜுன்னு மதிக்க மாட்டான்" என்றார். அவர் சொன்னது நிஜம். அதுதான் அவளைக் குடைந்தது.

மெயிலைப் பிரிண்ட் எடுத்தாள், நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள், சாயந்தரம் மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு ஹெப்சி வருகிற பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, காகிதத்தை நீட்டினாள்.

ஹெப்சி வாசித்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா. மேட்சுக்கு முந்தின நாளே ஸ்கூல் லேப்ல நெட்ல படிச்சேன். அதனாலதான் ராணியையே எடுத்துட்டு வந்தேன்."

"அடிப்பாவி! தெரிஞ்சும் இன்னாத்துக்குடி வாய மூடிகினு நின்ன?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, வலைக்காரங்க பேசக் கூடாதுன்னு? ஜெயிக்கப் போற நானே வந்து ரூல் சொன்னா, நாளைக்கு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிப்பாங்க. அப்புறம் உங்க ஜட்ஜ்மென்ட்டுக்கு என்ன மரியாதை?" ஹெப்சி காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "கிழிச்சுப் போட்டுடுங்க. பெங்களூர் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்."

துர்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ் நிறுத்தம் முழுக்கப் பார்க்க, அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா, நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.  ஆனால் காகிதத்தைக் கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் துர்கா மேஜை முன்னால் நின்று மெயிலைப் படித்தாள். இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.

"நான் சொன்னது தப்பு. ஹெப்சி ஜெயிச்ச ஆட்டம் அது. அதுக்கு அப்பவே தெரியும், என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு கம்முனு நின்னுகினு இருந்துச்சு. தெரிஞ்சவங்க வாய அடைச்சது என் பழக்கம்தான். இப்ப வலைல சிக்கினவ நானு. இனிமே நான் ஜட்ஜா இருக்கலாமா வாணாமான்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டு வெளியே போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எதிரே ஒரு செங்கல்பட்டு ரயில் போனது. பீச் வண்டி வந்து நின்று கிளம்பியது.  உள்ளே ஏதோ முணுமுணுப்பு. அப்புறம் பார்த்தால் மதியும் பத்ரியும் வழக்கம்போலக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தன்னை வைத்துத்தான் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று துர்கா நினைத்தாள். போதும், இதுவரை கிடைத்ததே பெரிது, யாருக்குக் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. மதியழகன் வெளியே வந்தான், கையில் இரண்டு அட்டை, முகமெல்லாம் சிவந்து.

"என்னக்கா நீங்க, எவ்வளவு நேரம் இங்கேயே நிப்பீங்க? நீங்கதான் ஜட்ஜுன்னு அப்பவே முடிச்சாச்சு, மறந்துபோய் ஆட ஆரம்பிச்சுட்டோம். இந்தப் பத்ரி என் குள்ளன் செத்துட்டான்னு சாதிக்கிறான். கொஞ்சம் வந்து சொல்லுங்கக்கா, ப்ளீஸ்!"

துர்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். உள்ளே வந்தாள். மேஜையின் மறுபக்கம் ஹெப்சி அந்தக் கோடு போட்ட நோட்டை ஏற்கெனவே விரித்து, பேனாவைத் திறந்து, தயாராக வைத்திருந்தாள். துர்கா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க" என்றாள். அவர்கள் எழுந்தார்கள். "இருங்க, இருங்க. போறதுக்கு மின்ன, இதப் பத்தி யாருக்கு இன்னா தெரியுமோ, அத சொல்லிட்டுப் போங்க."