ஆராயி செராமிக்ஸின் நாற்காலி

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஷெட் கிடைத்ததும் காத்தவராயன் முதலில் வாங்கியது ஒரு நாற்காலி. களிமண்கூட அதற்கப்புறம்தான். ஜங்ஷன் ரோட்டுக் கடையில் பேரம் பேசி, கைவைத்த மர நாற்காலி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலைப் பார்த்துப் போட்டார். மேலே 'ஆராயி செராமிக்ஸ்' என்று மனைவி பெயரில் போர்டு. அவ்வளவு ஆசையாக வாங்கியவர் அதில் உட்கார்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. காலையில் துடைப்பார், யாராவது வந்தால் உட்காரச் சொல்வார், தான் மட்டும் அச்சுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார்.

கருவேப்பிலங்குறிச்சிக்கு வெளியே, காலனியில் பிறந்தவர். அறுபதுகளில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, களை பறிக்கப் போக வேண்டிய ஆள் பஸ் ஏறி வந்து சேர்ந்துகொண்டார். பிறகு ஊர்த்தெரு ஆளான தர்மராஜ் என்பவருடைய ஷெட்டில் அச்சு வேலை. எழுபதுகளின் ஆரம்பத்தில் காலனி ஆட்களுக்கும் ஷெட் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்ததும், மனுப் போடச் சொல்லி அவரை விரட்டியதே இந்த தர்மராஜ்தான். பழைய முதலாளியும் பழைய தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து ஷெட்காரர்கள் ஆனார்கள். சூளை மட்டும் பேட்டை முழுக்கப் பொது. அவரவர் சரக்கை வார்த்து, காயவைத்து, தள்ளுவண்டியில் அங்கே கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்ள வேண்டும்.

ஆராயி செராமிக்ஸில் ஊறுகாய் ஜாடி செய்தார்கள். மங்கலம்பேட்டைக் கடைக்காரர்கள் விடாமல் வாங்கினார்கள். வயிறு வாடாத பிழைப்பு. ஒருமுறை திட்டக்குடிப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்தார். ஜாடியைத் தட்டிப் பார்த்து வாயாரப் புகழ்ந்தார். வண்டி அனுப்புவதாகச் சொன்னார். கிளம்பும்போது பேச்சுவாக்கில், "கருவேப்பிலங்குறிச்சின்னீங்களே, அங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். காத்தவராயன் சொன்னார். அந்த வண்டி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கேள்வி மனுஷனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. வந்தது பயம்.

அப்புறம்தான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே விடுதிகளுக்கான கோப்பை, தட்டு எல்லாவற்றையும் காலங்காலமாக ஒரே ஏஜென்ட் சப்ளை செய்துகொண்டிருந்தார். கொள்முதலுக்குப் புதிதாக வந்த தேவநாதன் என்ற அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. ஜனங்கள் பணத்தில் வாங்குவதெல்லாம் ஒரே வாசலுக்கா போக வேண்டும், ஒரு பங்கையாவது ஒடுக்கப்பட்டவர்கள் நடத்தும் சின்ன யூனிட்டுகளிடம் வாங்குவோம் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார். காத்தவராயன் மாதிரிக்கு அனுப்பிய நீலக்கோடு போட்ட டீக் கோப்பை தேறிவிட்டது. அதிகாரி வந்து ஷெட்டையும் ஓனரையும் பார்த்துவிட்டால் ஆர்டர் கையில்.

காத்தவராயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடி அச்சுகளை ஓரங்கட்டிவிட்டுக் கோப்பை அச்சுகளாகச் செய்து அடுக்கினார். மங்கலம்பேட்டைக்காரர்களிடம், "இனிமே ஜாடி இல்லீங்க பாய், வேற எடத்துல பாத்துக்குங்க" என்றும் சொல்லிவிட்டார். இருந்த ஒரு பிடியையும் விட்டாயிற்று. இனி அந்தக் கோப்பைதான் எல்லாம்.

அதிகாரி வர ஒரு நாள் இருக்கும்போது காத்தவராயனுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. நேரே தர்மராஜிடம் போனார்.

"மொதலாளி, நாளைக்கி கொஞ்ச நேரம் எங்க ஷெட்டுல வந்து ஒக்காந்துக்குங்க. ஓனரு மாதிரி. நான் வேல செய்யிற ஆளாட்டம் நின்னுக்கிறன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா காத்தவராயா? ஒன்ன மாதிரி ஆளுங்ககிட்ட வாங்கணும்னுதானே அந்த ஆபீசரே வராரு!"

"கடுதாசியில அப்படித்தாங்க போடுவாங்க. நேர்ல பாத்தா மூஞ்சி மாறிப்பூடும். எனக்குத் தெரியாதுங்களா?"

ஆராயி அதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். "ஏன்யா, நீ வாங்குன நாற்காலியில நீ ஒக்கார ஒனக்கு என்னா கேடு?"

"நீ சும்மா கெட. ஆர்டரு கைக்கு வரட்டும். அப்புறம் காலம்பூரா ஒக்காந்துக்கலாம்."

தர்மராஜ் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். காலைத் தொடாத குறையாகக் கெஞ்சுகிற ஆளிடம் எத்தனை தரம் முடியாது என்பது? சரி என்றார். நல்ல மனசோடுதான் சரி என்றார், அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் ஜீப் வந்தது. தேவநாதன் உள்ளே நுழைந்ததும் நாற்காலியிலிருந்து தர்மராஜ் எழுந்து கும்பிட்டார். "ஓனருங்களா?" என்று கேட்டார் தேவநாதன். தர்மராஜ் பட்டும் படாமலும் தலையாட்டி வைத்தார். காத்தவராயன் பழைய லுங்கியும் களிமண் கையுமாக அச்சுகளுக்கு நடுவே நின்றிருந்தார். அதிகாரி குடிக்கக் கடையிலிருந்து கலர் சோடா வரவழைத்திருந்தார். தன் கோப்பையில் டீ கொடுக்கக்கூட அவருக்குத் துணிச்சலில்லை.

தேவநாதன் எல்லாவற்றையும் திருப்தியாகப் பார்த்தார். அச்சுப் பக்கம் வந்தவர், காத்தவராயன் தோளில் கை வைத்து வாஞ்சையாகக் கேட்டார்: "ஏம்பா, ஓனர் எப்படி? கூலியெல்லாம் ஒழுங்கா தராரா?"

அந்தக் கை தோளில் இருந்ததே! அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நல்லவருங்க" என்றார் காத்தவராயன்.

அதற்குள் பக்கத்து ஷெட்டிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்து, "மொதலாளி, நம்ம சரக்கு சூளைக்குப் போவுது, வந்து பாருங்க" என்று தர்மராஜைக் கூப்பிட்டான்.

தேவநாதன் திரும்பினார். "பக்கத்து ஷெட்டும் உங்களுதா?"

"அதுதாங்க என்னுது" என்றார் தர்மராஜ். அவருக்குப் பொய் வரவில்லை.

"அப்ப காத்தவராயன் யாரு?"

களிமண் கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தாங்க" என்றார் காத்தவராயன்.

"இப்பதானே ஓனர் நல்லவர்னு சொன்னே?"

எந்தத் தெரு என்று கேட்ட வியாபாரியின் கதையை அந்த இடத்தில் எப்படி ஆரம்பிப்பது? தேவநாதன் விறுவிறுவென்று வெளியே போய் ஜீப்பில் ஏறினார். தர்மராஜ்தான் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினார். "சார், அவன் பயந்துகிட்டுச் சொல்லிட்டான் சார், ஷெட்டு அவனுதுதான் சார்!"

"அதையும் நீங்கதானே சொல்றீங்க" என்றார் தேவநாதன். "பேரு அவருது, நாற்காலி உங்களுது. இந்த மாதிரி எத்தனையோ பாத்துட்டேன். இங்கயாவது உண்மையா இருக்கும்னு நம்பி வந்தேன்." கோபத்தைவிட அவர் குரலில் ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

ஆர்டர் பழையபடி ஏஜென்டுக்கே போனது. எல்லாம் பினாமிதான் பார்த்தீரா என்று சொல்லியே மேலிடத்தில் தேவநாதன் வாயை அடைத்துவிட்டார்களாம். காலனியில் மனுப் போடக் காத்திருந்த பக்கிரி, விஷயம் கேள்விப்பட்டு மூட்டை தூக்கப் போய்விட்டான். காத்தவராயன் வெட்கத்தை விட்டு மங்கலம்பேட்டைக்குப் போனார். அவர்கள் மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, வேறு இடத்தில் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். நீலக்கோடு போட்ட கோப்பைகளை ஆராயி கூடையில் வைத்துச் சந்தையில் விற்றாள். "ஒக்காந்திருந்தா போதுமேய்யா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அவர் தர்மராஜிடமே அச்சு வேலைக்குப் போனார். நாற்காலியை வீட்டுக்குத் தூக்கி வரச் சொன்னாள் ஆராயி. அவர் கேட்கவில்லை, தர்மராஜ் ஷெட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டார். முதலில் தர்மராஜ் அதில் உட்காரமாட்டேன் என்றுதான் இருந்தார். வருஷம் போகப் போகப் பழகிவிட்டது.

எழுபதுகளின் முடிவில், தொழிலைச் சுற்றிப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் அச்சுகளுக்கு நடுவே வந்து நின்று, "இங்க ஓனர் எப்படிங்கய்யா?" என்று கேட்டாள்.

காத்தவராயன் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி தர்மராஜ் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லவரும்மா" என்றார் காத்தவராயன். இந்தத் தடவை அது பொய்யில்லை.